புட்டியிற் பேணிய கடல் வரலாறு

கல்வெட்டும் செப்பேடும் ஓலைச்சுவடியும் மாந்தரின் பழமையை உணர்த்துவன. ஏடும் எழுத்தும் இல்லாத கடலின் பழமையை உணர்த்துவது யாது? கலிபோணியாக் கரையோரக் கடலில் நிகழ்ந்த ஆராய்ச்சி இவ்வினாவுக்கு விடை தருகின்றது.

1936–37ஆம் ஆண்டுப் பருவத்தில் வட அமெரிக்காவின் மேற்குக் கரையிலே ஏழு இலட்சம் தொன்னுக்கு மேற்பட்ட சாளை மீன் பிடிபட்டது. அடுத்த பத்தாண்டு முடியுமுன் அத்தொழில் நிலைகுலைந்தது. காரணத்தை ஆராய்வதற்கென 1949இல் அரசாங்க மீன்பிடித் துறையினரும் இசுக்கிரிப்சு சமுத்திரவியல் நிறுவகத்தாரும் கூட்டாய்வு ஒன்றைத் தொடங்கினர். நுண்வலைகளிற் சிக்கிய மீன் முட்டைகளும், நீரோட்டத்தில் மிதந்து திரியும் விலங்குப் பிளாந்தன்களும் எண்ணப்பட்டபின், போமலின் நிறைந்த புட்டிகளில் இடப்பட்டுப் பேணப்பட்டன.

அப்புட்டிகளைப் படித்தறியும் திறவுகோல் நைதரசனின் சமதானிகளாம். ஆயிரம் நைதரசன் அணுக்களில் ஏறக்குறைய நான்கே திணிவெண் 15 உடையவை. ஏனையவற்றின் திணிவெண் 14. ஆழத்து நீர் மேலெழுந்து நைத்திரேற்றை நிறைவாக வழங்குங்கால், தாவரப் பிளாந்தன்கள் இலேசான நைதரசனையே மிகுதியாகக் கொள்ளும். வழங்கல் குன்றின், எஞ்சிய பாரமான நைதரசனையும் கொள்ள நேரும். அவற்றை உண்ணும் விலங்கின் உடலிலும் அவ்வேறுபாடு பதியும்.

ஆயினும் ஓர் ஐயம் எழும். இரையை உண்ணும் ஒவ்வொரு படியிலும் பாரமான நைதரசனின் விகிதம் ஆயிரத்துக்கு மூன்றளவு உயரும். ஆதலின், உயர்வுக்குக் காரணம் கடலின் மாற்றமா, உணவின் மாற்றமா? வரலாற்றாசிரியன் இரு சாட்சிகளை ஒப்பிடுவதுபோல, தாவரப் பிளாந்தன்களைப் பெரிதும் உண்ணும் கொப்பிபோட்டுகளையும், அவற்றை வேட்டையாடும் அம்புப்புழுக்களையும் ஆய்வாளர் ஒப்பிட்டனர். இரண்டும் ஒருசேர மாறுமாயின், மாற்றம் உணவுச் சங்கிலியின் அடியிலே நிகழ்ந்ததெனக் கொள்ளல் பொருந்தும்.

1951 முதல் 2001 வரையான மாதிரிகளில் நான்கு இனங்களை ஆராய்ந்த முடிவு 2003இல் வெளிவந்தது. கடல் வெம்மையுற்று நைத்திரேற்று வழங்கல் குன்றும் பெரிய எல் நினோக் காலங்களில், பெரும்பாலான இனங்களிற் பாரமான நைதரசன் மிகுந்திருந்தது. 1957–58, 1997–98 ஆகியவை அத்தகைய காலங்கள்.

முதற் புட்டிகளை நிரப்பியோர் தேடியது சாளை மீனின் செய்தியையே. சமதானிகளின் செய்தியை அன்று. எண்ணி முடித்த மாதிரிகளை அவர்கள் வீசியிருப்பின், அரை நூற்றாண்டுக் கடலின் வரலாறு மீட்கவொண்ணாது அழிந்திருக்கும். 1951ஆம் ஆண்டின் கடலில் மீண்டும் வலை வீச எவராலும் இயலாது. ஒரு சாசனத்தின் முழுப் பயனையும் அதனைத் தொகுத்தவரே அறிவதில்லை. ஆகவே, பயன் முடிந்ததெனத் தோன்றுவதையும் பேணிக்காத்தல் வரலாற்றுணர்வுடையோரின் கடனாகும்.