மாற்ற முடியாத எண்கள்: தமிழ்ப்பள்ளிக் கணினிகளைக் காப்பது எப்படி?

பிரிஞ்சாங்: கடவுச்சொல் திருடு போனால் மாற்றிக்கொள்ளலாம். பிள்ளையின் மைகிட் எண்ணை அப்படி மாற்ற முடியாது. பள்ளி அலுவலகக் கணினியில் இருப்பவை பெரும்பாலும் இத்தகைய விவரங்கள்தாம்: பெயர், அடையாள எண், வீட்டு முகவரி, பெற்றோரின் கைத்தொலைபேசி எண், குடும்ப வருமானம். சுங்கை பாலாஸ், போ, தானா ராத்தா, ரிங்லெட் என கேமரன் மலையிலுள்ள தமிழ்ப்பள்ளிகளும் இதற்கு விதிவிலக்கல்ல.

"தோட்டத்துப் பள்ளியில் திருட என்ன இருக்கிறது?" என்று கேட்பவர்கள் உண்டு. நச்சுநிரல் பள்ளியின் பெயரைப் பார்த்து வருவதில்லை. பூட்டாத கதவு எங்கே என்று தேடி, கண்ட இடத்தில் நுழைகிறது.

நம் நாட்டிலேயே நடந்தது

2018 ஜூனில் கல்வி அமைச்சின் 'சாப்ஸ்' எனும் பள்ளித் தேர்வுப் பகுப்பாய்வு முறையில் பாதுகாப்புக் குறை இருப்பது வெளியானது. மாணவர், பெற்றோர் என 1 கோடிப் பேருக்கு மேற்பட்டோரின் விவரங்கள் வெளியாகும் ஆபத்து இருப்பதாகச் செய்தி வந்ததும், அமைச்சு அந்த அகப்பக்கத்தைத் தற்காலிகமாக மூடியது.

வெளிநாட்டிலும் இதே கதைதான். அமெரிக்கா, கனடா பள்ளிகள் பயன்படுத்தும் 'பவர்ஸ்கூல்' எனும் மாணவர் பதிவு முறையை 2024 டிசம்பரில் ஊடுருவிகள் உடைத்தனர். விவரங்களை அழித்துவிடுவதாக அவர்கள் சொன்னதை நம்பி நிறுவனம் பணம் கொடுத்தது. ஆனால், 2025 மே மாதம் அதே விவரங்களைக் காட்டிப் பள்ளிகள் மறுபடியும் மிரட்டப்பட்டன.

மூன்று கதவுகள்

முதலாவது, பென்டிரைவ். வீட்டு மடிக்கணினி, ஒளிநகல் கடை, பள்ளி அலுவலகம் என எல்லா இடத்திலும் ஒரே பென்டிரைவைச் செருகும்போது நச்சுநிரலும் கூடவே பயணிக்கிறது. கோப்புறைகள் எல்லாம் திடீரென 'ஷார்ட்கட்' ஆகத் தெரிந்தால் அவற்றைத் திறக்கக் கூடாது. திறந்தால் அந்தக் கணினிக்கும் தொற்றும். முதலில் நச்சுநிரல் தடுப்பானைக் கொண்டு சோதிக்க வேண்டும்.

இரண்டாவது, தள்ளிப்போடும் புதுப்பித்தல். 2017 மே 12ஆம் தேதி பரவிய 'வன்னாகிரை' 150க்கும் மேற்பட்ட நாடுகளில் கணினிகளைப் பூட்டிப் பணம் கேட்டது. அதைத் தடுக்கும் திருத்தத்தை மைக்ரோசாப்ட் மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது. யாரும் எதையும் சொடுக்காமலேயே ஒரே வலையமைப்பில் இருந்த மற்ற கணினிகளுக்கும் அது தாவியது. கணினி அறையில் புதுப்பிக்காத ஒரு கணினி இருந்தாலும் ஆபத்து என்பதற்கு இதுவே சான்று. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியுடன் முடிந்துவிட்டது என்பதையும் பழைய கணினி வைத்திருக்கும் பள்ளிகள் கவனிக்க வேண்டும்.

மூன்றாவது, பகிரும் கடவுச்சொல். 'டெலிமா' கணக்கின் கடவுச்சொல்லை வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போடுவதும், எல்லா மாணவருக்கும் ஒரே சொல்லை வைப்பதும் வீட்டுச் சாவியை வாசலில் தொங்கவிடுவதற்குச் சமம். ஆசிரியர்களும் அலுவலகப் பணியாளர்களும் இரட்டைச் சரிபார்ப்பை இயக்கிக்கொள்வது நல்லது. விருந்தினருக்குத் தரும் வைஃபை வேறு, அலுவலக வைஃபை வேறு என்று இருக்க வேண்டும்.

நகல் எடுப்பதே காப்பு

எவ்வளவு கவனமாக இருந்தாலும் ஒருநாள் தவறு நேரலாம். முக்கியக் கோப்புகளுக்கு மூன்று நகல் வேண்டும். அவை இரண்டு வகைச் சேமிப்பில் இருக்க வேண்டும். ஒன்று பள்ளிக்கு வெளியே இருக்க வேண்டும். நகல் எடுத்தவுடன் வெளி ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட வேண்டும். செருகியே இருந்தால் பணம் பறிக்கும் நச்சுநிரல் அதையும் சேர்த்துப் பூட்டிவிடும்.

கணினி பூட்டப்பட்டால் இணையத் தொடர்பைத் துண்டித்து, பணம் எதுவும் செலுத்தாமல், மாவட்டக் கல்வி அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். சைபர் செக்யூரிட்டி மலேசியாவின் 'சைபர்999' உதவிச் சேவையிலும் புகார் செய்யலாம், எண் 1-300-88-2999. பள்ளியின் பெயரில் வந்த போலி அழைப்பை நம்பிப் பணம் செலுத்திய பெற்றோர் உடனே 997ஐ அழைக்க வேண்டும்.

பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் மூன்று கேள்விகளை முன்வைக்கலாம்: கடைசியாக நகல் எடுத்தது எப்போது? கணினிகள் புதுப்பிக்கப்பட்டுள்ளனவா? பிள்ளைகளின் விவரங்களைத் திறந்து பார்க்கக் கூடியவர்கள் யார் யார்?