பாலின உணர்திறன் பயிற்சி (இந்தியாவின் முன்களப் பணியாளர்கள்)

பாலின உணர்திறன் பயிற்சி என்பது மக்களோடு நேரில் பழகும் பணியாளர்களுக்கானது. ஆண், பெண், திருநர் பற்றித் தாங்கள் வளர்ந்த வீட்டிலும் ஊரிலும் கற்றுக்கொண்ட எண்ணங்கள் தங்கள் வேலையில் எங்கெல்லாம் குறுக்கிடுகின்றன என்று கண்டறிந்து மாற்றிக்கொள்ள அது உதவுகிறது. இந்தியாவில் கிராம சுகாதாரச் செவிலியர், ஆஷா பணியாளர், அங்கன்வாடிப் பணியாளர், பள்ளி ஆசிரியர் ஆகியோருக்கு இது அளிக்கப்படுகிறது. ஒருநாள் உரையாக நடத்தி, வருகைப் பதிவேட்டில் கையெழுத்து வாங்கி அனுப்பிவிடும் வழக்கமும் உண்டு. பலன் கண்ட முயற்சிகளோ ஆண்டுக்கணக்கில் நீண்டவை. பயிற்சியோடு பணிமுறையையும் சேர்த்து மாற்றியவை.

ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டம் 1975 அக்டோபர் 2 அன்று தொடங்கியபோது அங்கன்வாடி பிறந்தது. 2005இல் வந்த தேசிய ஊரக சுகாதார இயக்கம் ஆஷா எனப்படும் ஊர்நிலை சுகாதாரப் பணியாளர்களை உருவாக்கியது. இன்று நாடு முழுவதும் ஏறத்தாழ 10 லட்சம் பேர் இருக்கிறார்கள். தமிழ்நாட்டில் ஆஷாக்கள் பெரும்பாலும் மலை, பழங்குடிப் பகுதிகளில் மட்டுமே; மற்ற இடங்களில் கிராம சுகாதாரச் செவிலியரே வீடு வீடாகப் போகிறார். கணவன் அடித்த காயத்தையும், மூன்றாவதும் பெண் என்றதும் வீட்டில் இறங்கும் மௌனத்தையும் முதலில் பார்க்கும் அரசுப் பணியாளர் இவர்தான்.

அந்தப் பார்வை பதிவேட்டில் ஏறினால் என்ன நடக்கும் என்பதற்குத் தமிழ்நாடே சான்று. 1990களில் ஆரம்ப சுகாதார நிலையப் பதிவேடுகளில் சில பெண் சிசு மரணங்களுக்கு நேராக ‘சமூகக் காரணங்கள்’ என்று எழுதப்பட்டிருந்தது. பெண் சிசுக்கொலைக்கு அலுவலக மொழி கண்டுபிடித்த பெயர் அது. செவிலியர்கள் குறித்துவைத்த இந்தக் கணக்குகளைத் தொகுத்து, சிசுக்கொலை எந்த வட்டாரங்களில் செறிந்திருக்கிறது என்று ஐ.ஏ.எஸ். அதிகாரி ஷீலா ராணி சுங்கத்தும் பொருளியலாளர் வெங்கடேஷ் ஆத்ரேயாவும் 1997இல் எழுதிக் காட்டினர். அதையொட்டி தர்மபுரி மாவட்டத்தில், டென்மார்க் அரசின் உதவி பெற்ற சுகாதாரத் திட்டத்தின்கீழ், வீதி நாடகக் குழுக்கள் ஊர் ஊராகச் சென்றன. குற்றம் சாட்டுவதைவிட, பெண் பிள்ளையைப் பாரமாக்கும் வரதட்சணை பற்றி ஊரையே பேசவைப்பது அந்தக் கலைப்பயணத்தின் நோக்கமாக இருந்தது.

பயிற்சி வகுப்பில் அடிக்கடி கையாளப்படுவது 24 மணி நேர வேலைப் பட்டியல். விடியலிலிருந்து இரவு வரை கணவனும் மனைவியும் செய்யும் வேலைகளை அக்கம்பக்கமாக எழுதச் சொல்வார்கள். பெரும்பாலான பங்கேற்பாளர்கள் பெண்கள் என்பதால், எழுதத் தொடங்கியதுமே அது அவர்கள் வீட்டுக் கதையாகிவிடுகிறது. அதன் பிறகுதான் பணியிடத்துக்கு வரவேண்டும். அங்கன்வாடியில் துடைப்பத்தை எடுக்க யாரைச் சொல்கிறோம்? எடை குறைந்த பெண் குழந்தையை மருத்துவமனைக்குக் கூட்டிப்போகச் சொல்லும்போது, ஆண் குழந்தைக்குக் காட்டும் அவசரம் நம் குரலில் இருக்கிறதா? குடும்பக் கட்டுப்பாடு பற்றி யாரிடம் பேசுகிறோம்? ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி (2019–21) மணமான பெண்களில் 37.9 சதவீதம் பேர் கருத்தடை அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்கள்; ஆண்களின் அறுவைச் சிகிச்சையை நம்பியிருப்பவர்கள் 0.3 சதவீதம் பேர். ஆண்களுக்கான சிகிச்சை எளிது, ஆபத்தும் குறைவு. இருந்தும் செவிலியர் வாசலில் நின்று கூப்பிடுவது மனைவியைத்தான்.

அதே கணக்கெடுப்பில் 18 முதல் 49 வயதுவரை உள்ள மணமான பெண்களில் 29.3 சதவீதம் பேர் கணவனின் வன்முறையைச் சந்தித்ததாகச் சொன்னார்கள். ஏதேனும் ஒரு காரணத்துக்காக மனைவியை அடிப்பது சரியே என்றவர்கள் பெண்களில் 45, ஆண்களில் 44 சதவீதம். பயிற்சிக்கு வருகிறவரும் இதே சமூகத்திலிருந்துதான் வருகிறார். ‘கொஞ்சம் அனுசரித்துப் போம்மா’ என்று அவர் சொல்வது பெரும்பாலும் அக்கறையோடுதான். ஆனால் அடிபட்டவளை அது திரும்ப அதே வீட்டுக்கு அனுப்புகிறது.

இந்த இடத்தில் விரிவாகக் கவனிக்கவேண்டியது மும்பையின் ‘திலாசா’ என்ற ஆலோசனை மையம். மாநகராட்சியும் ‘செஹாத்’ என்ற ஆய்வு நிறுவனமும் சேர்ந்து பாந்த்ராவின் கே.பி. பாபா மருத்துவமனையில் இதை நிறுவி, 2001இல் செயலுக்குக் கொண்டுவந்தன. வெளியாட்கள் வந்து பேசிவிட்டுப் போகவில்லை. மருத்துவமனையின் செவிலியர், மருத்துவர், மற்ற ஊழியர்களிலிருந்தே பயிற்றுநர் குழு உருவாக்கப்பட்டது. புறநோயாளிப் பிரிவிலோ விபத்துப் பிரிவிலோ ‘தடுக்கி விழுந்தேன்’ என்று சொல்லும் பெண்ணிடம் தனியாகப் பேச அவர்கள் கற்றார்கள். பேசியபின் அனுப்பிவைக்க அதே கட்டடத்திலேயே ஆலோசனை மையம் இருந்தது. போக ஓர் இடம் இல்லாதபோது கேள்வி கேட்கவே ஊழியர் தயங்குவார். கேட்டால் பொறுப்பு தன் தலையில் விழும் என்ற அச்சம் நியாயமானது. அந்த அச்சத்தைப் போக்கியது மையத்தின் இருப்பு. பின்னர் மும்பையின் பிற மருத்துவமனைகளுக்கும் இது பரவியது. கேரளத்தின் ‘பூமிகா’, ஹரியாணாவின் ‘சுகூன்’ மையங்களும் இதே வழியில் அரசு மருத்துவமனைகளுக்குள் அமைந்தவை. உலக சுகாதார நிறுவனத்தின் 2013ஆம் ஆண்டு வழிகாட்டுதலும் வருகிற எல்லாப் பெண்களையும் விசாரிக்கச் சொல்லவில்லை. அறிகுறி தெரிந்தால் தனியாகக் கேள், நம்பு, பாதுகாப்பைப் பார், உதவியோடு இணை என்கிறது.

பாலியல் வன்முறைக்கு உள்ளானவருக்கு எல்லா மருத்துவமனைகளும் இலவசமாக உடனடிச் சிகிச்சை தரவேண்டும் என்று 2013இல் சட்டம் வந்தது. வன்புணர்வுக்கு உள்ளானவரின் பிறப்புறுப்பில் விரல்விட்டுப் பார்க்கும் ‘இரு விரல் சோதனை’ கூடாது என்று 2014இல் மத்திய சுகாதார அமைச்சகம் வழிகாட்டுதல் வெளியிட்டது. ஆனாலும் அது தொடர்ந்ததால், அதைச் செய்பவர் ஒழுங்கீனக் குற்றவாளி என்று 2022 அக்டோபர் 31 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்து, மருத்துவப் பணியாளர்களுக்குப் பயிலரங்குகள் நடத்தவும் உத்தரவிட்டது. 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி, குழந்தைமீதான பாலியல் குற்றத்தை அறிந்த ஆசிரியரோ செவிலியரோ புகாரளிக்காமல் இருப்பதே குற்றம்.

பள்ளிகளில் நன்கு அளந்து பார்க்கப்பட்ட முயற்சி ஹரியாணாவில் நடந்தது. 2011 கணக்கெடுப்பில் 1000 சிறுவர்களுக்கு 834 சிறுமிகள் மட்டுமே இருந்த மாநிலம் அது. ‘பிரேக்த்ரூ’ அமைப்பு அங்கே 7, 8ஆம் வகுப்புகளில் தொடங்கி இரண்டரை ஆண்டுகள் வகுப்பறை உரையாடல்களை நடத்தியது. 314 அரசுப் பள்ளிகளை இரண்டாகப் பிரித்து ஒப்பிட்ட ஆய்வில் மாணவர்களின் எண்ணங்கள் சமத்துவத்தின் பக்கம் நகர்ந்தது தெரிந்தது. பழக்கம் மாறியதாகச் சொன்னவர்களில் சிறுவர்கள் முன்னே இருந்தனர். வீட்டுக்குள் பெண்ணின் விருப்பத்துக்கு இடம் குறைவு என்பதுதான் இந்த வேறுபாட்டுக்குக் காரணமாக இருக்கவேண்டும்.

திருநர், ஒருபாலீர்ப்பினர் பற்றிய பயிற்சி தாமதமாகவே வந்தது. சென்னை உயர் நீதிமன்றத்தின் 2021 ஜூன் 7 தீர்ப்பில் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், காவல்துறை முதல் கல்வி, சுகாதாரத் துறைகள் வரை உணர்திறன் பயிற்சி தர ஆணையிட்டார். தீர்ப்பு எழுதுமுன் தாமே ஓர் உளவியலாளரிடம் அமர்ந்து கேட்டறிந்ததை அவர் மறைக்கவில்லை. அதே ஆண்டு இறுதியில், திருநர் மாணவர்களை அரவணைப்பது குறித்து ஆசிரியர்களுக்காகத் தயாரித்த கையேட்டை தேசியக் கல்வி ஆராய்ச்சி மற்றும் பயிற்சிக் குழு (என்.சி.இ.ஆர்.டி.) வெளியிட்ட சில நாட்களில், எதிர்ப்பு எழுந்ததும், இணையதளத்திலிருந்து நீக்கிவிட்டது. நல்ல கையேடு அது. ஆசிரியர்களுக்கு அது தேவைப்பட்டது.

பயிற்சி பெற்றவரின் பாதுகாப்பைப் பற்றிப் பயிற்சித் திட்டங்கள் குறைவாகவே பேசுகின்றன. 1992இல் ராஜஸ்தானின் பட்டேரி கிராமத்தில், அரசின் மகளிர் மேம்பாட்டுத் திட்டத்தில் ‘சாத்தின்’ என்ற களப்பணியாளராக இருந்த பெண், குழந்தைத் திருமணத்தைத் தடுக்க முயன்றதற்காகக் கூட்டு வன்புணர்வுக்கு உள்ளானார். கற்றுக்கொடுத்ததைச் செய்ததற்குக் கிடைத்த தண்டனை அது. அந்த வழக்கிலிருந்து எழுந்ததே, பணியிடப் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்க உச்ச நீதிமன்றம் விதிமுறைகள் வகுத்த 1997ஆம் ஆண்டின் விசாகா தீர்ப்பு. 2013இல் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் வந்தது. ஆனால் ஆஷாவின் பணியிடம் பிறர் வீடு, இரவுச் சாலை, பிரசவத்துக்கு அழைத்துப்போகும் வண்டி. புகாரை யாரிடம் கொடுப்பது என்பதையும் பயிற்சியிலேயே சொல்லித்தரவேண்டும். ஊதியத்திலும் இதே கதைதான்: ஆஷாவுக்கு ஊக்கத்தொகையும் அங்கன்வாடிப் பணியாளருக்கு மதிப்பூதியமும்தான் தரப்படுகின்றன. அங்கன்வாடிப் பணியாளருக்கும் உதவியாளருக்கும் பணிக்கொடை உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2022 ஏப்ரல் 25 அன்று சொல்லும்போது, திட்டம் தொடங்கி 46 ஆண்டுகள் கடந்திருந்தன.