பனிக்கடலில் கசியும் எண்ணெய்: பாஃபின் தீவின் கதை

கடலில் எண்ணெய் மிதக்கிறது என்றால் யாரோ கொட்டியிருக்க வேண்டும் என்றுதான் முதலில் தோன்றும். கப்பல் தரைதட்டியிருக்கும், இல்லையென்றால் எங்காவது குழாய் உடைந்திருக்கும். 1976-ல் கனடாவின் பாஃபின் தீவுக்கு அருகே கடல்மேல் எண்ணெய்ப் படலத்தைப் பார்த்த ஆய்வாளர்களுக்கு இந்த வசதியான விளக்கம் எதுவும் கிடைக்கவில்லை. அந்தப் பகுதியில் எண்ணெய்க் கிணறே கிடையாது. வருடத்தில் பெரும்பகுதி உறைந்து கிடக்கும் கடல். பிறகு எண்ணெய் எங்கிருந்து வந்தது?

கீழேயிருந்துதான்! கடல் தரைக்கு அடியிலிருந்து, யாரும் துளை போடாமலேயே, தானாகக் கசிந்து வந்தது.

முதலில் இடத்தைப் பற்றிக் கொஞ்சம். பாஃபின் தீவு உலகின் ஐந்தாவது பெரிய தீவு. கிழக்கே பாஃபின் விரிகுடா, அதற்கு அப்பால் கிரீன்லாந்து. தீவின் கிழக்குக் கரை முழுவதும், பனியாறுகள் குடைந்து வைத்த ஆழமான கடல் நுழைவுகள் வரிசையாக இருக்கின்றன. அவற்றில் ஒன்றுதான் ஸ்காட் இன்லெட், ஏறக்குறைய 71 டிகிரி வட அட்சரேகையில். அதற்கு வடக்கே பக்கன் வளைகுடா. தெற்கே கிளைட் ரிவர் என்ற இனூயிட் கிராமம். அந்த மக்கள் மொழியில் அதன் பெயர் கங்கிக்துகாபிக். சுமார் ஆயிரம் பேர் வசிக்கும் ஊர். சீல், நார்வால் திமிங்கிலம், பனிக்கரடி எல்லாம் அவர்களுக்கு வேடிக்கை பார்க்கும் மிருகங்கள் அல்ல, வீட்டுச் சாப்பாடு.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. 1820-களில் பிரிட்டிஷ் திமிங்கில வேட்டைக் கப்பல்கள் இந்தக் கரைக்கு வந்தன. எதற்காக? எண்ணெய்க்காக. திமிங்கிலக் கொழுப்பை உருக்கினால் விளக்கெரிக்க எண்ணெய் கிடைக்கும். தங்கள் கப்பலுக்குக் கீழேயே வேறொரு எண்ணெய் கசிந்துகொண்டிருக்கிறது என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்! தெரிந்திருந்தாலும் அன்று அதற்கு விலை இல்லை.

1970-களில் விலை இருந்தது. 1968-ல் அலாஸ்காவின் ப்ரூடோ பே-யில் பிரம்மாண்டமான எண்ணெய் வயல் கண்டுபிடிக்கப்பட்டது. 1969-ல் மன்ஹாட்டன் என்ற டாங்கர் கப்பல் பனியை உடைத்துக்கொண்டு வடமேற்குக் கடல்வழியில் போய்க் காட்டியது. 1973-ல் எண்ணெய் நெருக்கடி வேறு வந்தது. இதற்கு நடுவே 1970 பிப்ரவரியில் ஆரோ என்ற டாங்கர் நோவா ஸ்கோஷியாவில் பாறையில் மோதி, 10,000 டன்னுக்கும் மேல் எண்ணெயைக் கடலில் கொட்டியது. ஆக கனடாவுக்கு ஒரே சமயத்தில் ஆசையும் பயமும். ஆர்க்டிக்கில் எண்ணெய் இருக்கிறதா என்பது ஒரு கேள்வி. அங்கே எண்ணெய் கொட்டினால் என்ன ஆகும் என்பது இன்னொரு கேள்வி. ஸ்காட் இன்லெட்டின் படலம் இந்த இரண்டு கேள்விக்கும் ஒரே இடத்தில் பதில் வைத்திருப்பது போலத் தோன்றியது.

லோன்காரெவிச், ஃபால்கனர் என்ற இருவர் 1977-ல் இந்தப் படலத்தைப் பற்றி எழுதினார்கள். அடுத்து வந்தவர் எரிக் லெவி. பெட்ஃபோர்ட் கடலாய்வு நிறுவனத்தின் வேதியியல் ஆய்வாளர். ஒரு படலத்தைப் பார்த்த மாத்திரத்தில் "இது இயற்கைக் கசிவு" என்று சொல்லிவிட முடியாது. அந்தப் பக்கம் போன கப்பல் ஏதாவது கழிவு எண்ணெயை விட்டிருக்கலாமே! அதனால் மேலே மிதப்பதை மட்டும் பார்த்தால் போதாது. நீரையும் எடுத்துச் சோதிக்க வேண்டும், அடியிலிருக்கும் வண்டலையும் எடுத்துச் சோதிக்க வேண்டும். கப்பல் கொட்டியது என்றால் எண்ணெய் மேலேதான் அதிகம் இருக்கும். கசிவு என்றால் தரையிலேயே அதன் தடயம் இருக்கும். லெவி 1978-ல் வெளியிட்ட கட்டுரை, கண்ணால் கண்ட சான்றையும் வேதியியல் சான்றையும் சேர்த்து வைத்து, இது இயற்கைக் கசிவுதான் என்றது. 1981-ல் பக்கன் வளைகுடாவுக்கும் இதே முடிவு வந்தது.

அடியில் எண்ணெய் உண்டான கதை பழையது. பல கோடி வருடங்களுக்கு முன்பு, டைனோசர்கள் இருந்த கிரெட்டேஷியஸ் காலத்தில், அங்கே கடல் வண்டல் படிந்தது. அதில் புதைந்த உயிர்ப்பொருள் சூட்டிலும் அழுத்தத்திலும் வெந்து எண்ணெயாக மாறக்கூடியது. எண்ணெய் நீரைவிட லேசானது, அதனால் மேலே ஏறப் பார்க்கும். மேலே கெட்டியான மூடி இருந்தால் அங்கேயே தங்கிவிடும். அதைத்தான் கிணறு போட்டு எடுக்கிறார்கள். மூடி இல்லாவிட்டால், அல்லது மூடி தேய்ந்துவிட்டால், கசியும். ஸ்காட் இன்லெட்டுக்கு வெளியே கடலடியில் பழைய கெட்டிப் பாறை ஒரு மேடாக எழும்பி நிற்கிறது. வண்டல் அடுக்குகள் அதன்மேல் சாய்ந்து மெலிந்து போகின்றன. கசிவும் அந்த மேட்டை ஒட்டித்தான்.

இதையெல்லாம் நேரில் போய்ப் பார்க்க வேண்டும் அல்லவா? அதற்கு வந்ததுதான் பைசீஸ் IV. மூன்று பேர் உட்காரக்கூடிய சிறிய நீர்மூழ்கி. கனடாவில் கட்டப்பட்டது. வாங்கவிருந்தது சோவியத் யூனியன். அமெரிக்கா குறுக்கே நின்று தடுத்ததால் கடைசியில் கனடா அரசின் கைக்கே வந்தது. பனிப்போர் எங்கெல்லாம் மூக்கை நுழைத்திருக்கிறது பாருங்கள். இதன் உடன்பிறப்பான பைசீஸ் III 1973-ல் அயர்லாந்துக்கு அப்பால் சுமார் 480 மீட்டர் ஆழத்தில் இருவருடன் சிக்கிக்கொண்டு, மூன்று நாளைக்கு மேல் கழித்துத்தான் மீட்கப்பட்டது. அதில் காற்று ஏறக்குறைய தீர்ந்துபோயிருந்தது. இந்தக் கதை தெரிந்த பிறகும் ஆர்க்டிக் கடலுக்குள் அதேபோன்ற ஒரு கலத்தில் இறங்கினார்கள் என்றால் அந்த மனிதர்களின் தைரியத்தை என்னவென்று சொல்வது!

1981-லும் 1985-லும் பைசீஸ் IV பாஃபின் கடலடிக்குப் போனது. சூரிய ஒளி எட்டாத ஆழம். உறைநிலையை ஒட்டிய குளிர். எண்ணெய் இருக்கும் இடம் செத்துப்போன இடமாக இருக்கும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆனால் தரையில் பாக்டீரியா பாய் விரித்தது போலப் படர்ந்திருந்தது. எண்ணெயும் மீத்தேனும்தான் அங்கே அடிப்படை உணவு. சில பாக்டீரியாக்கள் அவற்றைத் தின்கின்றன. அந்த வேலையில் ஹைட்ரஜன் சல்ஃபைடு உண்டாகிறது, அழுகின முட்டை நாற்றம் அடிக்குமே, அதே வாயு. அதை வேறு பாக்டீரியாக்கள் தின்று பாயாகப் படர்கின்றன. லெவியும் கென்னத் லீயும் 1988-ல் இந்தக் கசிவுகளின் உயிரியல் விளைவுகளைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரையே எழுதினார்கள்.

அப்படியானால் குளிர்க்கடல் எண்ணெயைத் தானே சமாளித்துக்கொள்ளும், கவலை வேண்டாம் என்று சொல்லிவிடலாமா? இந்தக் கேள்விக்கு அதே தீவிலேயே, அதே 1981-ல், இன்னொரு சோதனை நடந்தது. தீவின் வடக்கே கேப் ஹாட் என்ற இடத்தில், ஆகஸ்ட் மாதத்தில், விஞ்ஞானிகள் வேண்டுமென்றே கடலில் எண்ணெயைக் கொட்டினார்கள். ஒரு விரிகுடாவில் 15 கன மீட்டர் கச்சா எண்ணெய் அப்படியே. இன்னொன்றில் அதே அளவு, சிதறடிக்கும் ரசாயனம் கலந்து. எண்ணெய் வெனிசுவேலாவிலிருந்து வந்தது. கொட்டுவதற்கென்று அத்தனை தூரம் சுமந்து வந்திருக்கிறார்கள்! கரையில் ஒட்டிய எண்ணெயை அதற்குப் பிறகும் போய்ப் போய்ப் பார்த்தார்கள். 20 வருடம் கழித்து 2001-ல் போனபோதும் அங்கே எண்ணெய் மிச்சம் இருந்தது. சில இடங்களில் நன்றாகச் சிதைந்திருந்தது. சில இடங்களில் அதிகம் மாறாமல் அப்படியே இருந்தது.

ஆக இரண்டும் ஒன்றல்ல. இயற்கைக் கசிவு என்பது சிறுகச் சிறுகத் தவணையில் வருவது. அதற்கேற்ற பாக்டீரியாக் குடித்தனம் தலைமுறை தலைமுறையாகப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறது. டாங்கர் விபத்து என்பது மொத்தத் தொகையும் ஒரே நாளில், தயாராக இல்லாத ஒருவர் தலையில் விழுவது. ஆனால் கணக்குப் போடுபவர்கள் இரண்டையும் ஒரே பத்தியில் எழுதிக் கூட்டிவிடுகிறார்கள். 2003-ல் வெளியான அமெரிக்க தேசிய ஆராய்ச்சிக் குழுவின் அறிக்கை, உலகக் கடல்களுக்குள் வருடத்துக்கு வரும் எண்ணெய் சுமார் 13 லட்சம் டன், அதில் சுமார் 6 லட்சம் டன் இயற்கைக் கசிவு என்றது. கிட்டத்தட்ட பாதி! "இயற்கையே கொட்டுகிறது, நாங்கள் கொட்டினால் என்ன" என்று வாதாட இதைவிட வசதியான எண் கிடைக்காது. 2022-ல் சயன்ஸ் இதழில் வந்த ஆய்வு, செயற்கைக்கோள் படங்களை வைத்து வேறொரு கோணத்தில் எண்ணியது. கடல்மேல் தெரியும் எண்ணெய்ப் படலங்களின் பரப்பில் 94 சதவீதம் மனிதர்களால் வந்தது என்றது. டன் கணக்கு வேறு, பரப்புக் கணக்கு வேறு என்பது உண்மைதான். ஆனாலும் எந்தக் கணக்கை யார் எடுத்துக் காட்டுகிறார்கள் என்று பார்ப்பது நல்லது.

கசிவு இன்னொரு வேலையும் செய்கிறது. எண்ணெய் தேடுபவருக்கு அது ஒரு கைகாட்டி மரம். கீழே எண்ணெய் உண்டாகியிருக்கிறது என்பதற்கு அதைவிட மலிவான சான்று ஏது? பாஃபின் விரிகுடாவில் எண்ணெய் வளம் இருக்கலாம் என்ற எண்ணம் அழியாமல் இருந்ததற்கு இந்தக் கசிவும் ஒரு காரணம்.

2014 ஜூனில் கனடாவின் தேசிய எரிசக்தி வாரியம், பாஃபின் விரிகுடாவிலும் டேவிஸ் நீரிணையிலும் ஐந்து வருடத்துக்கு சீஸ்மிக் சர்வே நடத்த நார்வேயைச் சேர்ந்த நிறுவனங்களுக்கு அனுமதி கொடுத்தது. கப்பலுக்குப் பின்னால் காற்றுத் துப்பாக்கிகளை இழுத்துக்கொண்டே போய் நீருக்குள் வெடிக்கவிட்டு, திரும்பி வரும் ஒலியை வைத்து அடியிலிருக்கும் பாறை அடுக்குகளைப் படம் பிடிப்பது. இந்த நிறுவனங்கள் எண்ணெய் எடுப்பவை அல்ல. தகவலைத் திரட்டி எண்ணெய்க் கம்பெனிகளுக்கு விற்பவை.

திமிங்கிலங்கள் காதால் வாழும் பிராணிகள். அந்தச் சத்தம் அவற்றை என்ன செய்யும் என்று 2013-ல் நடந்த கூட்டங்களில் இனூயிட் மக்கள் கேட்டார்கள். வந்திருந்த கம்பெனிப் பிரதிநிதிகளால் அடிப்படையான கேள்விகளுக்குக்கூட பதில் சொல்ல முடியவில்லை. பல மாதம் கழித்துப் பதில் வந்தது. 3,926 பக்கம்! அதில் கொஞ்சம்தான் அவர்கள் மொழியான இனுக்டிடூட்டில் இருந்தது. இணைய வேகம் ஊர்ந்து போகும் கிராமத்துக்கு அதைக் கணினிக் கோப்பாக அனுப்பியிருந்தார்கள்.

கிளைட் ரிவர் வழக்குப் போட்டது. அப்போது மேயராக இருந்த ஜெர்ரி நடானின் முன்னால் நின்றார். கிரீன்பீஸ் அமைப்பு துணைக்கு வந்தது. இதுவும் ஒரு வரலாற்று வேடிக்கை. சீல் வேட்டைக்கு எதிராக முன்பு அதே அமைப்பு நடத்திய பிரசாரத்தால் 1980-களில் சீல் தோல் விலை சரிந்து, இனூயிட் குடும்பங்களின் கைக்காசு போயிருந்தது. பழைய கோபத்தை ஓரமாக வைத்துவிட்டுத்தான் இருவரும் கை கோத்தார்கள். 2015-ல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் தோல்வி. 2017 ஜூலை 26 அன்று கனடா உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அனுமதியை ரத்து செய்தது. மக்களின் ஒப்பந்த உரிமையைத் தொடும் கேள்விகளுக்கு, படிக்கவே முடியாத காகிதக் குவியலைக் கொடுப்பது கலந்தாலோசனை ஆகாது என்பது தீர்ப்பின் சாரம். அதே நாளில் அதே நீதிமன்றம், தெற்கே ஒரு எண்ணெய்க் குழாய் வழக்கில் வேறொரு பழங்குடி மக்களுக்கு எதிராகத் தீர்ப்பு சொன்னது. அங்கே கலந்தாலோசனை போதுமான அளவு நடந்தது என்றது. அதாவது கிளைட் ரிவர் ஜெயித்தது இரக்கத்தால் அல்ல, நடைமுறை சரியில்லை என்ற காரணத்தால்.

2018 கோடையில் ஆய்வாளர்கள் மீண்டும் ஸ்காட் இன்லெட்டுக்குப் போனார்கள், இந்த முறை எண்ணெய்க்காக அல்ல. 260 மீட்டர் ஆழத்தில் எடுத்த வீடியோவில் கசிவு நிற்காமல் குமிழ் விட்டுக்கொண்டிருந்தது. சுற்றிலும் பாக்டீரியாப் பாய். பக்கத்திலேயே இறால், நட்சத்திர மீன், கடற்பஞ்சு, கடற்சாமந்தி எல்லாம் இருந்தன. தரையருகே அதிகமாக இருந்த மீத்தேன் 150 மீட்டர் மேலே வருவதற்குள் வழக்கமான அளவுக்குக் குறைந்துவிட்டது. அங்கே வளரும் மென்பவளங்களை எடுத்துச் சோதித்தபோது, அவற்றின் உடலுக்குள்ளேயே எண்ணெயின் தடயம் இருந்தது.