ஏடுகள் வீடு திரும்பிய தீவு

"மாமா, இந்தக் குளிருக்கை ஆராவது ஐஸ்லாந்துக்குப் போவினமோ? ஆனி, ஆடியிலை வாங்கோ. நானே கூட்டிக்கொண்டு போறன்."

ஒஸ்லோவில் வாழும் என் மருமகன் இவ்வாறு தடுத்தும் கேளாமல், 2025 ஜனவரி நடுப்பகுதியில் ரெய்க்யாவிக் நகருக்குப் பயணமானேன். விமானச் சீட்டு மலிவாகக் கிடைத்தது ஒரு காரணம். அதனினும் பெரிய காரணம் ஒன்றிருந்தது. அருவிகளையும் எரிமலைகளையும் காணச் செல்வோருக்குக் கோடைகாலம் வேண்டும். நானோ பழைய ஏடுகளைக் காணச் சென்றவன். அவற்றுக்கு எந்தக் காலமும் ஒன்றே என எண்ணியிருந்தேன். அந்த எண்ணம் பிழை என்பதை அங்கு சென்ற பின்னரே உணர்ந்தேன். ஐஸ்லாந்தின் ஏடுகளைக் காண மிகவும் உகந்த காலம் மாரிகாலமே.

முற்பகல் 11 மணியளவிலேயே சூரியன் எழுந்தான். மாலை நான்கரை மணிக்குள் மறைந்தும் விட்டான். நான் அஞ்சிய அளவுக்குக் குளிர் இல்லை. தென்திசையிலிருந்து வரும் வெப்ப நீரோட்டத்தின் தயவால் அங்கு வெப்பநிலை பெரும்பாலும் உறைநிலையை ஒட்டியே நிற்கும். ஆனால் காற்று ஆளைத் தள்ளிவிடும். நகரின் மையத்தில் நடைபாதைகளின் கீழ் நிலத்தடி வெந்நீரைக் குழாய்களில் ஓடவிட்டிருப்பதால் அங்கு பனி தங்குவதில்லை. அந்தப் பாதைகளில் என்னைப் போன்ற அந்நியர் சிலரே நடமாடினர்.

இத்தகைய இருளில்தான் இந்தச் சிறிய இனம் எழுத்தை வளர்த்தது. கி.பி. 874 அளவில் நோர்வேயிலிருந்து வந்தோர் குடியேறிய தீவு இது. 930 இல் அவர்கள் 'அல்திங்' என்னும் பொதுச் சபையைத் தோற்றுவித்தனர். பதின்மூன்றாம், பதினான்காம் நூற்றாண்டுகளில், தம் முன்னோரின் குடும்பப் பகைகளையும் வழக்குகளையும் கடற்பயணங்களையும் 'சாகா' எனப்படும் உரைநடைக் கதைகளாகத் தம் தாய்மொழியிலேயே எழுதி வைத்தனர். நோர்வே மன்னர்களின் வரலாற்றைத் தொகுத்தவரும் ஸ்நோரி ஸ்டுர்லுசன் என்ற ஐஸ்லாந்துக்காரரே. 1241 இல் அவர் கொலையுண்டார்.

எழுதுவதற்கு அவர்களுக்குப் பனையோலை ஏது? கன்றுத் தோலைப் பதப்படுத்தி அதில் எழுதினர். 'ஃபிளாட்டே நூல்' என்னும் பெருந்தொகுதி 1387 இல் எழுதத் தொடங்கப்பட்டது. அதற்கு 113 கன்றுகளின் தோல் தேவைப்பட்டது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். மந்தையே செல்வமாக இருந்த நாட்டில் ஒரு நூலுக்கு அவர்கள் கொடுத்த விலை அது. பிற்காலத்துப் பண்ணை வீடுகளில், மாரிகால இரவுகளில் குடும்பத்தார் அனைவரும் ஓர் அறையில் கூடிக் கம்பளி நூற்பர், பின்னுவர். ஒருவர் விளக்கருகே அமர்ந்து உரத்த குரலில் சாகாக்களை வாசிப்பார். 'மாலை விழிப்பு' என்று பொருள்படும் பெயரால் அவ்வழக்கத்தைக் குறித்தனர். நம் ஊர்க் கோயில்களில் புராணபடனம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

1262 முதல் 1264 வரையான காலத்தில் ஐஸ்லாந்து நோர்வே மன்னரின் ஆட்சியை ஏற்றது. பின்னர் நோர்வேயுடன் சேர்ந்து டென்மார்க்கின் கைக்குள் சென்றது. வறுமை மிகுந்தது. ஏடுகளின் அருமை தெரியாதோர் கையில் அவை சிதைந்தன. ஆடை தைப்பதற்கான அளவு மாதிரியாகவும் ஆயரின் தலைமுடிக்கு உள்ளிடும் விறைப்புத் தாளாகவும் அவை வெட்டப்பட்டன. அவ்வாறு வெட்டுண்ட ஏடுகள் இன்றும் காப்பகத்தில் உள்ளன.

ஸ்கால்ஹோல்ட் ஆயர் ப்ரின்யோல்புர் ஸ்வைன்சன், ஃபிளாட்டே நூலைப் பெற விரும்பிய கதை சுவையானது. நூலை வைத்திருந்த தீவுக் குடியானவர் முதலில் பணத்துக்கு இணங்கவில்லை. நிலம் தருவதாகச் சொல்லியும் இணங்கவில்லை. ஆயர் படகேறப் புறப்பட்ட வேளையில் தாமாகவே வந்து அதை அவரிடம் கொடுத்தாராம். அது 1647 இல். 1656 இல் ஆயர் அதை டென்மார்க் மன்னருக்கு அனுப்பினார். பழைய தெய்வப் பாடல்களைக் கொண்ட 'கோடெக்ஸ் ரேகியுஸ்' 1662 இல் அவ்வழியே சென்றது.

அடுத்து வந்தவர் ஆர்னி மக்னுஸ்ஸன். 1663 இல் பிறந்து கொப்பன்ஹேகனில் பேராசிரியரான ஐஸ்லாந்துக்காரர். மன்னரின் ஆணையால் 1702 முதல் பத்தாண்டுகள் தாயகத்தின் நிலங்களைப் பதிவு செய்யும் பணியில் ஈடுபட்டார். 1703 இல் அவரும் அவருடைய சகாவும் எடுத்த குடிசன மதிப்பீட்டில் 50,358 பேர் பதிவாயினர். ஒரு நாட்டின் மக்கள் அனைவரையும் பெயர் பெயராகப் பதிந்த மிகப் பழைய கணக்கெடுப்புகளில் அது ஒன்று. செல்லுமிடமெல்லாம் ஏடு தேடினார். ஓர் இதழ், அரை இதழ் கிடைத்தாலும் விடவில்லை. சேர்த்த அனைத்தும் பெட்டிகளில் கொப்பன்ஹேகன் சென்றன.

1728 ஒக்டோபரில் அந்நகரில் பெருந்தீ மூண்டது. ஆர்னியும் நண்பர்களும் ஏடுகளில் பெரும்பகுதியை வண்டிகளில் ஏற்றிக் காப்பாற்றினர். ஆயினும் அச்சு நூல்களும் அவருடைய குறிப்புகளும் பிரதிகள் பலவும் எரிந்தன. அடுத்த பதினைந்து மாதங்களுள், 1730 ஜனவரியில், அவர் மறைந்தார். எஞ்சியவற்றைக் கொப்பன்ஹேகன் பல்கலைக்கழகத்துக்கு எழுதி வைத்திருந்தார்.

1944 ஜூன் 17 இல் குடியரசான ஐஸ்லாந்து, தன் ஏடுகளைத் திரும்பக் கேட்டது. டென்மார்க்கின் அறிஞர் பலர் எதிர்த்தனர். அந்நாட்டு நாடாளுமன்றம் 1961 இலும் மீண்டும் 1965 இலும் சட்டம் இயற்றியது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றும் சட்டம் நிலைத்தது. 1971 ஏப்ரல் 21 அன்று டென்மார்க்கின் கடற்படைக் கப்பலொன்று ஃபிளாட்டே நூலையும் கோடெக்ஸ் ரேகியுஸையும் சுமந்துகொண்டு ரெய்க்யாவிக் துறைமுகத்தை அடைந்தது. ஓர் அரசனை வரவேற்பதுபோல ஆயிரக்கணக்கானோர் கரையில் திரண்டனர். 1997 இல் கையளிப்பு நிறைவுற்றது. ஆர்னியின் சேகரிப்பில் ஏறத்தாழப் பாதி இன்னும் கொப்பன்ஹேகனில்தான் உள்ளது. முன்னாள் ஆட்சியாளரும் ஆளப்பட்டோரும் ஏடுகளைப் பங்கிட்டுப் பேணுகின்றனர்.

இன்று ஏடுகள் 'எட்டா' என்னும் நீள்வட்ட வடிவக் கட்டடத்தில் உள்ளன. அது 2023 இல் திறக்கப்பட்டது. அதன் புறச்சுவர்களில் ஏடுகளின் வரிகளே பொறிக்கப்பட்டுள்ளன. நான் உள்ளே சென்றபோது மங்கிய ஒளியில், கண்ணாடிப் பேழைக்குள், கறுத்துச் சுருங்கிய தோல் இதழ்கள் விரிந்து கிடந்தன. எழுத்துக்கள் எறும்பு வரிசைபோல் நெருங்கியிருந்தன. அருகில் ஒரு தந்தை தம் சிறு மகளுக்குச் சில சொற்களை வாசித்துக் காட்டினார். அவர்களுடைய மொழி அதிகம் மாறவில்லை. சற்று முயன்றால் பழைய உரைநடையை இன்றும் வாசித்துவிடலாம்.

அங்கு நின்றபோது எனக்கு இரண்டு நினைவுகள் வந்தன.

முதலாவது, நம் எல்லோருக்கும் பொதுவானது. 1981 மே 31 நள்ளிரவையொட்டி யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் அழிந்தன. கொப்பன்ஹேகனில் மூண்டது விபத்துத் தீ. யாழ்ப்பாணத்தில் மூட்டியவர்கள் மனிதர்கள்.

இரண்டாவதை இதுவரை நான் எங்கும் எழுதியதில்லை. என் பாட்டனார் ஊரில் பரியாரியார். அவருடைய வைத்திய ஏட்டுக் கட்டுகள் நான்கு, பூச்சி அணுகாதபடி எங்கள் அடுப்படிப் பரணில் புகையில் இருந்தன. ஆண்டுக்கொருமுறை சரசுவதி பூசைக்கு மட்டும் இறக்குவோம். 1980களின் நடுப்பகுதியில், பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய நண்பர் ஒருவர் அவற்றைப் படியெடுத்துத் தருவதாகக் கேட்டார். "பரம்பரைச் சொத்து, வெளியே விடமாட்டோம்" என்றேன். அவர் மூன்று முறை வந்தார். மூன்று முறையும் மறுத்தேன். 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தபோது, கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு தென்மராட்சி நோக்கி நடந்தோம். அரிசி, உடுப்பு, அடையாள அட்டை எல்லாம் எடுத்தேன். பரணை நிமிர்ந்து பார்க்கவில்லை. திரும்பி வந்தபோது வீட்டுக்குக் கூரையே இல்லை.

ஃபிளாட்டே தீவின் குடியானவர் கடைசி வேளையிலாவது மனம் மாறினார். நான் மாறவில்லை. நூலகத்தை எரித்தவர்களைப் பற்றி நாற்பது ஆண்டுகளாக எழுதியிருக்கிறேன். என் பரணில் இருந்ததை இழந்ததற்கு யுத்தம் பாதிக் காரணம்; மீதிப் பாதி நான்தான்.

சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை ஏடு தேடி அலைந்து 1887 இல் கலித்தொகையைப் பதிப்பித்தமை நாம் அறிந்ததே. அவரிடம் தம் ஏடுகளை நம்பிக் கொடுத்தவர்களின் பெயர்களை நாம் நினைப்பதில்லை. அவர்கள் கொடுத்திராவிட்டால் அவர் எதைப் பதிப்பித்திருப்பார்? இன்று ஏட்டை வீட்டைவிட்டு வெகுதூரம் அனுப்ப வேண்டிய தேவைகூட இல்லை. 2005 முதல் 'நூலகம்' திட்டத்தினர் ஈழத்து நூல்களை இணையத்தில் ஏற்றி வருகின்றனர். ஐஸ்லாந்தின் ஏடுகளையும் எங்கிருந்தும் இணையத்தில் புரட்டிப் பார்க்கலாம்.

ஒஸ்லோ திரும்பியதும் மருமகன், "என்ன மாமா, ஏதும் பாத்தியளோ, எல்லாம் இருட்டுத்தானே?" என்றான்.

"உன்ரை அப்பாவின்ரை பழைய கடிதங்கள், கொப்பிகள் எங்கை வைச்சிருக்கிறாய்?" என்று கேட்டேன்.

நிலவறையில் ஒரு பெட்டியில் இருப்பதாகச் சொன்னான். அன்றிரவே அதை மேலே கொண்டுவரச் செய்தேன். வாசகர்களே, உங்கள் வீட்டுப் பெட்டியையும் இந்த வாரம் ஒருமுறை திறந்து பாருங்கள்.