பெயர் கெட்ட வங்கியும் பிரேம்சந்த் ராய்சந்தும்

மும்பை சென்று வந்த நம்மவர் பலரும் பல்கலைக்கழக வளாகத்தில் 280 அடி உயர்ந்து நிற்கும் இராஜாபாய் கோபுரத்தை அண்ணாந்து பார்த்திருப்பர். பிரேம்சந்த் ராய்சந்த் என்னும் ஜைனப் பெருவணிகர் தம் அன்னையின் பெயர் விளங்குமாறு அளித்த நன்கொடையால் எழுந்தது அது. கண்பார்வை இழந்திருந்த அவ்வம்மையார் கதிரவன் மறையுமுன் உணவு கொள்வதற்குக் கோபுரத்தின் மணியோசை துணையாயிற்று என்று மக்கள் சொல்வழக்கு உண்டு. இரவுண்ணா நோன்பை இன்றும் போற்றும் நம் இல்லங்களில் இக்கதை விருப்பத்தோடு சொல்லப்படுகிறது. ஆனால் அவ்வணிகரின் வாழ்வில் நாம் அதிகம் பேசாத மற்றொரு பகுதி உண்டு. அதனை எழுதத் தூண்டியவர் என் உறவினர் ஒருவர். முன்பு ஒருமுறை வைப்புத்தொகையைத் திருப்பித்தர இயலாமல் பெயர் கெட்டுப்போன ஒரு நிதி நிறுவனம், இப்போது புதிய நிருவாகத்தின்கீழ்ப் பங்குகள் விற்கிறது. மகளின் படிப்புக்கென வைத்த தொகையை அதில் இடலாமா என்று அவர் என்னிடம் வினவினார். தமிழாசிரியனிடம் கேட்கும் வினாவா இது என்று முதலில் நகைத்தேன். பிறகு பிரேம்சந்த் நினைவுக்கு வந்தார்.

சூரத்தில் பிறந்து மும்பையில் பருத்தித் தரகராகத் தலையெடுத்தவர் அவர். 1861இல் அமெரிக்க உள்நாட்டுப் போர் மூண்டபோது அந்நாட்டுப் பஞ்சு இங்கிலாந்து செல்வது தடைப்பட்டது. இலங்காஷயர் ஆலைகள் இந்தியப் பஞ்சை நாடின. மும்பையில் வெள்ளி மழையாகப் பொழிந்தது. வந்த பணம் தங்க இடமின்றி, வங்கிகளும் நிதிச் சங்கங்களும் கடலைத் தூர்த்து நிலமாக்கும் கம்பெனிகளும் நாளொன்றுக்கு ஒன்றாய்த் தோன்றின. பேக்பே நிலமீட்புக் கம்பெனியின் பங்கொன்றுக்குச் செலுத்தப்பட்ட தொகை 5,000 ரூபாய். அது ஏறக்குறைய 50,000 வரை விலைபோயிற்று. பிரேம்சந்த் எந்தக் கம்பெனியில் கைவைத்தாரோ அதன் பங்கை வாங்க ஊரே ஓடிற்று.

இவ்வேளையில் பம்பாய் வங்கி என்ன செய்தது என்பதே நமக்கு முக்கியம். 1840இல் 52.25 இலட்சம் ரூபாய் முதலோடு, அரசே பங்குதாரராகவும் அரசு நியமித்த இயக்குநர்களோடும் தொடங்கிய வங்கி அது. எவருக்கு, எவ்வளவு, எத்தனை காலத்துக்குக் கடன் தரலாம் என்பதற்கெல்லாம் அதன் சாசனம் கடிவாளமிட்டிருந்தது. 1863ஆம் ஆண்டுச் சட்டம் அக்கடிவாளத்தைத் தளர்த்தி, கம்பெனிப் பங்குகளின் ஈட்டின்மேல் கடன் கொடுக்க வழிவிட்டது. பங்கை வாங்கியவன் அதனையே வங்கியில் ஈடுவைத்துக் கடன் பெற்று, அக்கடனைக் கொண்டு வேறொரு பங்கை வாங்கினான். பிரேம்சந்தின் கையெழுத்துக்கு மட்டுமே பெருந்தொகைகள் வழங்கப்பட்டன. 1865 ஏப்ரலில் தென்னகப் படைத்தலைவர் லீ சரணடைந்தார். பஞ்சு விலை சரிந்தது. தவணை வியாபாரங்களைத் தீர்க்கவேண்டிய நாளாகிய சூலை 1 வந்தபோது கொடுக்கவேண்டியவரிடமும் பணமில்லை, வாங்கவேண்டியவரிடமும் பணமில்லை. பிரேம்சந்தும் வீழ்ந்தார். தள்ளாடி நின்ற வங்கி 1868இல் கலைக்கப்பட்டது. அதன் முதலில் பெரும்பகுதி போயிற்று.

அரசு அமைத்த விசாரணைக் குழு காரணங்களை ஆராய்ந்தது. 1863ஆம் ஆண்டுச் சட்டத்தின் தளர்வு, வங்கிச் செயலாளர்கள் அதிகாரத்தைத் தவறாகப் பயன்படுத்தியமை, இயக்குநர்களின் கவனக்குறைவு, காலத்தின் அசாதாரண நிலை ஆகியவற்றை அது சுட்டியது. ஒருவர்மீது மட்டும் பழி சுமத்தாமல் விட்டமை எனக்குப் பெரிதாகப் படுகிறது. ஊரார் நாவிலோ பிரேம்சந்தின் பெயரே முன்னின்றது.

இனித்தான் என் உறவினரின் வினா வருகிறது. அதே 1868இல், அதே பெயரில், 1 கோடி ரூபாய் முதலோடு புதிய பம்பாய் வங்கி தொடங்கப்பெற்றது. பழைய பங்கில் கைசுட்டுக்கொண்ட ஒரு குடும்பத்தவர் அன்று என்ன எண்ணியிருக்க வேண்டும்? பெயரைக் கேட்டு விலகுவது எளிது. அரசின் ஆதரவு உண்டே என்று நம்புவதும் எளிது. பின்னதன் பயனற்ற தன்மையைப் பழைய வங்கியே காட்டிவிட்டது. ஆகவே பெயரை விட்டு, வங்கியைக் கெடுத்த வழக்கம் மாறிற்றா என்றே அவர் கேட்டிருக்கவேண்டும். செயலாளர் தனித்துக் கடன் வழங்க முடியுமா? ஈடு என்ன? இயக்குநர் கணக்கைப் பார்க்கிறாரா?

நம் ஆசிரியர்கள் வேறொரு வினாவையும் சேர்ப்பார்கள். சமந்தபத்திரர் தம் இரத்தினகரண்ட சிராவகாசாரத்தில், பொருள் வரைதல் என்னும் அணுவிரதத்துக்கு ஐந்து குற்றங்களைச் சொல்கிறார். அளவிறந்து ஓட்டுதல், அளவிறந்து சேர்த்தல், பேராசை, மிகுபாரம் ஏற்றுதல் என்பவற்றோடு வியப்பையும் அவர் வைத்திருக்கிறார். பிறர் அடைந்த இலாபத்தைக் கண்டு திகைத்து, நமக்கு வாய்க்கவில்லையே என்று மனம் குமைவதே அவ்வியப்பு என உரைகாரர் விளக்குவர். மாணவனாய் இதைப் படித்தபோது வியப்பு எங்ஙனம் குற்றமாகும் என்று எனக்கு விளங்கவில்லை. 1864ஆம் ஆண்டு மும்பையைப் பற்றிப் படித்தபின் விளங்கிற்று. பிரேம்சந்தின் பின்னே ஓடியவர் எல்லாரும் அக்குற்றத்தில் அகப்பட்டவரே.

புதிய வங்கியின் வரலாறு நன்றாகவே முடிந்தது. 1876ஆம் ஆண்டு மாகாண வங்கிகள் சட்டம் மூன்று மாகாண வங்கிகளுக்கும் கடிவாளத்தை மீண்டும் இறுக்கிற்று. அசையாச் சொத்தின் ஈட்டின்மேலும் நெடுங்காலத் தவணையிலும் கடன் தருவது விலக்கப்பட்டது. அரசும் தன் பங்குரிமையை விட்டு விலகிற்று. 1921இல் அவ்வங்கி சென்னை, வங்காள வங்கிகளோடு இணைந்து இம்பீரியல் வங்கியாகி, 1955இல் பாரத ஸ்டேட் வங்கியாயிற்று. நம்முள் ஓய்வூதியம் பெறும் பலர் மாதந்தோறும் செல்லும் இடம் அது. முடிவு நமக்குத் தெரிவதால் 1868இல் பங்கு வாங்கியவரை அறிவாளி என்று புகழ்தல் முறையன்று. சட்டம் வரும்வரை எட்டாண்டு காத்திருந்தவரையும் நான் குறைகூறேன். ஆயினும் எல்லாரும் காத்திருந்தால் வங்கி எழுந்தே இராது. இழந்தாலும் அடுப்பு அணையாத அளவுக்குப் பொருள் உடையவர் முன்வந்ததில் தவறில்லை. மகளின் படிப்புப் பணம் அவ்வகைப் பொருள் அன்று.

பிரேம்சந்தையும் ஊர் முற்றும் தள்ளிவிடவில்லை. 1875இல் தரகர்கள் கூடி அமைத்த சங்கத்தின், அஃதாவது இன்றைய மும்பைப் பங்குச் சந்தையின், நிறுவனர்களுள் அவரும் ஒருவர். கையெழுத்தை நம்பிக் கடன் கொடுப்பது வேறு, தரகுத் தொழிலில் ஒருவரின் அனுபவத்தை மதிப்பது வேறு என்று வணிகர் பிரித்தறிந்தனர் போலும். கோபுரத்துக்கு 1869இல் அடிக்கல் நாட்டப்பெற்று, 1878இல் பணி நிறைவுற்றது. வீழ்ச்சிக்கு முன்பே பல்கலைக்கழகத்தின் கைக்குச் சென்றுவிட்ட அறப்பணம் மட்டும் சூலை 1ஐக் கடந்து பிழைத்தது. 1906இல் அவர் மறைந்தார். அதே ஆண்டு அக்டோபரில் நம் சென்னையில் அர்பத்நாட் கம்பெனி வீழ்ந்ததும், அடுத்த ஆண்டே இந்தியன் வங்கி எழுந்ததும் தனியே எழுதத்தக்க கதை.

உறவினரிடம் அந்நிறுவனத்தின் மூன்றாண்டுத் தணிக்கை அறிக்கையையும், பழைய வைப்பாளர் எத்தனைபேருக்குப் பணம் திரும்பிற்று என்ற கணக்கையும் கேட்டு வாங்கச் சொன்னேன். முன்னது வந்துவிட்டது. பின்னதைத் தருவதாகச் சொல்லி இரண்டு மாதம் ஆகிறது, இன்னும் வரவில்லை. மகளின் பணம் இப்போதைக்கு அஞ்சலகத்தில் இருக்கிறது.