காசின் தமிழும் கணக்கின் ஆங்கிலமும்: ஊவாத் தோட்டங்களின் நாணய வரலாறு பற்றிய ஒரு நோக்கு

இலங்கையின் பெருந்தோட்ட வரலாற்றினை ஆராய்ந்தோர் நிலம், மூலதனம், தொழிலாளர் வருகை, சட்டம் ஆகியவற்றை விரிவாக எடுத்துரைத்துள்ளனர். நாணய வரலாற்றினை ஆராய்ந்தோரோ வங்கிகளையும் வெள்ளியின் விலையையும் முதன்மைப்படுத்தினர். இவ்விரு துறைகளும் சந்திக்கும் இடமாகிய சம்பளநாள் மேசை பெரும்பாலும் இரு சாராரின் கண்ணுக்கும் தப்பிவிடுகின்றது. அம்மேசையின் ஒரு பக்கத்திலே துரையும் கணக்கப்பிள்ளையும் செக்ரோல் ஏட்டுடன் அமர்ந்திருந்தனர். மறுபக்கத்திலே தொழிலாளி கையை நீட்டியவாறு நின்றாள். கைக்கு வந்த காசினை அவளால் இனங்கண்டுகொள்ள முடிந்தது. ஆனால், அக்காசு எவ்வாறு அவ்வளவாயிற்று என்பதை அறிய முடியவில்லை. பதுளைக்கு முந்திய புகையிரத நிலையமாகிய ஹாலிஎலையைச் சூழ்ந்த தோட்டங்களை மனத்திற் கொண்டு, இவ்வேறுபாட்டின் வரலாற்றைச் சிறிது நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கோப்பிக் காலத்து நாணய நிலையினை இன்று விளங்கிக்கொள்வது எளிதன்று. 1825இலிருந்து அரசாங்கக் கணக்குகள் பவுண், சிலிங், பென்ஸ் ஆகியவற்றில் எழுதப்பட்டன. ஆயினும் தெருவிலும் தோட்டத்திலும் வழங்கியது பெரும்பாலும் இந்திய வெள்ளி ரூபாவே. 1836ஆம் ஆண்டில் அது 2 சிலிங்குக்குச் சமமெனக் கொள்ளப்பட்டது. அதாவது ஒரு பவுணுக்குப் பத்து ரூபா. ரூபாவுக்கு 16 அணா. அணாவுக்கு 12 பை. ஒல்லாந்தர் காலத்து நினைவாகப் பணம், துட்டு முதலிய பெயர்களும் மக்கள் நாவில் நிலைத்திருந்தன. ஏட்டிலே பென்ஸ், கையிலே அணா, கடையிலே துட்டு என்றவாறு ஒரே கூலி மூன்று உருவங்களில் உலவியது. தென்னிந்தியக் கிராமத்திலிருந்து வந்த ஒருவர் தாம் நாளொன்றுக்கு எவ்வளவு பெறுகின்றார் என்பதைச் சொல்வதற்கே ஒரு கணக்கறிவு தேவைப்பட்டது. கணக்கறிந்தவர் கங்காணி. அவர் சொன்னதே கணக்காயிற்று.

இக்குழப்பத்துக்கு முடிவு கட்டியது 1872 ஜனவரி 1ஆந் திகதி நடைமுறைக்கு வந்த தசம நாணயமுறை. ரூபாவுக்கு நூறு சதம் என்பதே இனி இலங்கையின் ஒரே கணக்கு. இந்தியாவோ அணா பையை 1957 வரை கைவிடவில்லை என்பதை நோக்குமிடத்து, இத்தீவின் விரைவு வியப்பளிப்பதாகும். இம்மாற்றத்துக்கென 1870ஆம் ஆண்டு பொறித்து அச்சிடப்பட்ட செப்புக் காசுகளை உற்றுநோக்குதல் வேண்டும். ஒரு பக்கம் விக்டோரியா மகாராணியாரின் தலை. மறுபக்கம் தாளிப்பனை மரம். அம்மரத்தின் இருமருங்கிலும் காசின் மதிப்பு சிங்களத்திலும் தமிழிலும் எழுதப்பட்டிருந்தது. ஆங்கிலேயரின் ஆட்சிச் சாதனங்களுள், எழுத்தறிந்த தோட்டத் தொழிலாளி எவருடைய உதவியுமின்றித் தன் மொழியிலே தானே வாசிக்கக்கூடியதாக இருந்தது இக்காசு ஒன்றே எனினும் பெரிதும் மிகையாகாது. எழுத்தறியாதாருக்கும் பின்னர் வழி பிறந்தது. 1909இல் வெளியிடப்பட்ட ஐந்து சத நிக்கல் காசு சதுர வடிவினது. 1944இல் வந்த இரண்டு சதமும் பத்துச் சதமும் விளிம்பு வளைந்து வளைந்து பூவிதழ் போன்றிருந்தன. விளக்கில்லா லயத்து அறையிலும் விரலால் தடவிப் பார்த்து இன்ன காசென அறியலாம். நாணயத்தை வடிவமைத்தவர் யாராயினும், அதனைப் பயன்படுத்துவோரை நினைத்தே வடிவமைத்தார் என்பதில் ஐயமில்லை.

காசு தெளிவடைந்தது. அதன் பின்னாலிருந்த மாற்றுவீதமோ தொழிலாளிக்கு ஒருபோதும் காட்டப்படவில்லை. 1870களிலிருந்து உலகச் சந்தையில் வெள்ளியின் விலை வீழ்ந்தது. தசம நாணயம் வந்த காலத்தில் ஏறத்தாழ 2 சிலிங் பெறுமதியுடையதாயிருந்த ரூபா, 1894 அளவில் 1 சிலிங் 1 பென்ஸ் அளவுக்கு இறங்கிற்று. தேயிலையை இலண்டனிலே விற்றோர் பவுணிற் பணம் பெற்றனர். சம்பளத்தையோ ரூபாவில் வழங்கினர். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆண் தொழிலாளியின் நாட்கூலியாகப் பரவலாகக் குறிக்கப்படுவது 33 சதம். இது ரூபாவின் மூன்றிலொரு பங்கு. 2 சிலிங் கணக்கில் 8 பென்ஸ். தொடக்கத்தில் ஒரு பவுணைக் கொண்டு முப்பது நாட்கூலி கொடுக்க இயன்றது. 1894இல் அதே பவுண் பதினெட்டு ரூபாவுக்கு மேலாக மாறியதால், ஐம்பத்தைந்து நாட்கூலிக்குப் போதுமானதாயிற்று. 33 சதம் என்ற எண் மாறவேயில்லை. எனவே தன் உழைப்பு இலண்டன் கணக்கில் பாதி விலைக்கு இறங்கியதைத் தொழிலாளி காண்பதற்குக் காசிலே எந்தக் குறியும் இல்லை. கோப்பி அழிந்த நிலையில் தேயிலை வேரூன்றுவதற்கு வெள்ளியின் வீழ்ச்சியும் துணைநின்றது என்பர். அத்துணையை வழங்கியவர் யார் என்பதையும் உடன் சொல்லுதல் தகும்.

தாள் நாணயத்தின் கதை வேறு. 1884 மே மாதத்தில் ஓரியன்டல் வங்கி மூடப்பட்டபோது அதன் தாள்களை வைத்திருந்தோர் திகைத்தனர். தேசாதிபதி சேர் ஆதர் கோடன் அத்தாள்களுக்கு அரசாங்கத்தைப் பிணையாக நிறுத்தினார். அவ்வாண்டிலேயே தாள் வெளியிடும் உரிமையை அரசாங்கம் தானே ஏற்றது. இரண்டு ஆண்டுகளின் பின்னர், 1886இல், ஊவாவைத் தனி மாகாணமாக்கியவரும் அவரே.

இனிச் செக்ரோலுக்கு வருவோம். தோட்டத் தமிழிலே ‘பேர்’ என்ற சொல் ஒரு நாள் உழைப்பைக் குறிக்கும். காலையிற் பிரட்டுக்களத்தில் நின்று, மாலையிற் கொழுந்து நிறுத்தபின், கணக்கப்பிள்ளை ஏட்டில் இட்டால் அது ஒரு பேர். கொழுந்து குறைந்தாலோ, மழைக்கு ஒதுங்கி நேரம் தாழ்ந்தாலோ அரைப் பேர். உண்மையில் தொழிலாளியின் நாணயம் சதமன்று, பேரே. மாத முடிவில் பேர்கள் சதமாக மாற்றப்பட்டன. அதிலிருந்து அரிசி, கம்பளி, முற்பணம் ஆகியன கழிக்கப்பட்டன. இம்மாற்றம் முழுவதும் ஆங்கில ஏட்டிலேயே நிகழ்ந்தது. பெரிய கங்காணிக்கோ ஆள் ஒன்றுக்கு நாள் ஒன்றுக்கெனத் தனிப் பணம் கிடைத்தது. பென்ஸ் நாணயம் ஒழிந்து பல்லாண்டு கடந்த பின்னரும் அதற்குப் ‘பென்ஸ் பணம்’ என்றே பெயர். பழைய கணக்கு எவருக்கு ஆதாயமோ அவரிடத்திலே பழைய பெயரும் தங்கிவிடும் போலும்.

கணக்கின் இவ்விருளிலே தழைத்ததுதான் துண்டு முறை. துண்டு என்பது துரை கையொப்பமிட்ட ஒரு சிறு கடிதம். இன்ன தொகையைச் செலுத்தினால் இக்கங்காணியையும் அவரது ஆட்களையும் விடுவிக்கச் சம்மதம் என்பது அதன் சாரம். தமிழ்ச் சொல்லே ஆங்கிலத்துக்குட் புகுந்து ‘துண்டு’ என வழங்கிற்று. எனினும் கடிதம் ஆங்கிலத்தில் இருந்தது. கங்காணி இதனை எடுத்துக்கொண்டு தோட்டந்தோட்டமாகச் செல்வார். ஆட்பஞ்சம் உடைய துரை பழைய கடனை அடைத்து, அதற்கு மேலும் ஒரு தொகையை முற்பணமாகக் கொடுப்பார். அம்மேலதிகத் தொகை கங்காணியின் மடியிற் சேரும். கடனோ ஆட்களின் தலையில் ஏறும். அடுத்த துண்டு இன்னும் பெரிய தொகைக்கு எழுதப்படும். பங்குச் சந்தையிலே பத்திரம் கைமாறுவது போலவே மனிதரின் கடன் கைமாறிற்று. வாங்குவோருக்கும் விற்போருக்கும் விலை தெரியும். விற்கப்பட்டவர் மட்டும் தம் விலையை அறியார். தாம் எவ்வளவு கடன்பட்டோம் என வினவிய தொழிலாளிக்கு விடை கூறக்கூடியவர், அக்கடனால் ஆதாயம் பெற்ற கங்காணி ஒருவரே.

1901இல் தோன்றிய தகரச் சீட்டு முறையினையும் இவ்விடத்து நினைவுகூர்தல் பொருந்தும். மாவட்ட எழுத்தும் தோட்ட இலக்கமும் ஆளின் இலக்கமும் பொறித்த ஒரு தகர வில்லையைக் கழுத்தில் அணிந்தவர், தமிழ்நாட்டு முகாமிலிருந்து தோட்டம் வரை பணம் கொடாமலே பயணஞ் செய்யலாம். கப்பலும் புகையிரதமும் அவருக்கு இலவசமெனத் தோன்றும். உண்மையில் ஒவ்வொரு செலவும் அவ்வில்லையின் இலக்கப்படி தோட்டத்தின் கணக்கிலும், தோட்டத்திலிருந்து கங்காணியின் கணக்கிலும் எழுதப்பட்டது. ஒப்பிட்டு நோக்குக: செப்புக் காசில் தமிழ் இருந்தது, தகர வில்லையில் எழுத்தும் எண்ணும் மட்டுமே. முன்னையது தொழிலாளி வாசிக்கச் செய்யப்பட்டது. பின்னையது தொழிலாளியை வாசிக்கச் செய்யப்பட்டது.

1921ஆம் ஆண்டின் சட்டம் துண்டினை ஒழித்தது. 1923 முதல் பொது நிதியொன்றிலிருந்து பயணச் செலவு கொடுக்கப்பட்டமையால் கடனின்றி வரும் நிலை உருவாயிற்று. புகையிரதம் பதுளையை அடைந்த 1924ஆம் ஆண்டும் இக்காலப் பகுதியிலேயே அடங்கும். 1927இன் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின்படி, 1929 முதல் மலைநாட்டில் ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், சிறுவருக்கு 32 சதம் என விதிக்கப்பட்டது. தோட்டம் வழங்கும் அரிசிக்கு ஒரு புசல் ரூபா 4.80 என்னும் உச்சவிலையும் வகுக்கப்பட்டது. அரிசி விலை சட்டத்தில் எழுதப்பட்டமையை நான் கூலி விகிதத்தினும் முக்கியமானதாகக் கருதுகின்றேன். கழிக்கப்படும் தொகைக்கு முதன்முறையாக எல்லோரும் அறிந்த ஓர் எண் கிடைத்தது. எண்ணை அறிந்தால் கேள்வி கேட்கலாம்.

இத்தனை காலமும் ஒரு வசதி தொழிலாளிக்கு இருந்தது. இலங்கை ரூபாவும் இந்திய ரூபாவும் ஒன்றுக்கு ஒன்றாயிருந்தன. ஹாலிஎலையில் மிச்சம் பிடித்த பத்து ரூபா திருச்சிராப்பள்ளி மாவட்டத்துக் கிராமத்திலும் பத்து ரூபாவே. 1950இல் மத்திய வங்கி நிறுவப்பட்ட பின்னரும் இச்சமநிலை சிலகாலம் நிலவிற்று. ஆனால் 1953ஆம் ஆண்டின் செலாவணிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ்ப் பணம் அனுப்புவது அனுமதிக்குட்பட்ட செயலாயிற்று. 1964 ஒக்ரோபரில் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் முடிவு என இரு பிரதமர்களும் பங்கிட்டனர். செல்வோர் தம் சேமலாப நிதியையும் சேவைப் பணத்தையும் கொண்டு செல்லலாம் என்றும், ஒரு குடும்பம் கொண்டுசெல்லத்தக்க தொகையின் உச்ச எல்லை 4,000 ரூபாவுக்குக் கீழ் குறைக்கப்படாது என்றும் கூறப்பட்டது.

ஆனால் அந்த ரூபா எந்த ரூபா? 1966 ஜூனில் இந்தியா தன் நாணயத்தை மதிப்பிறக்கியது, டொலர் 4.76இலிருந்து 7.50 ஆயிற்று. இலங்கை 1967 நவம்பர் வரை பழைய வீதத்திலேயே நின்றது. அவ்விடைக்காலத்தில், டொலர் வீதங்களின்படி இலங்கையின் 4,000 ரூபாவுக்கு ஏறத்தாழ 6,300 இந்திய ரூபா. 1967 நவம்பரில் இலங்கையும் மதிப்பிறக்கிய பின்னர் அது 5,000 அளவாயிற்று. 1977 நவம்பரில் இலங்கை ரூபா மிதக்கவிடப்பட்டு டொலருக்கு 16 அளவில் வீழ்ந்தபோது, அதே 4,000 ரூபா இந்திய மண்ணிற் சுமார் 2,000 ரூபாவாகச் சுருங்கிற்று. முப்பதாண்டு கொழுந்து பறித்த கைகளின் சேமிப்பு, கப்பல் ஏறிய ஆண்டினைப் பொறுத்து மும்மடங்கு வேறுபட்டது. ஏறும் ஆண்டினைத் தீர்மானித்தவர் அவரல்லர். குடியுரிமைக் கடிதமும் கடவுச்சீட்டும் வரும் முறையே அதனைத் தீர்மானித்தது. என் பாட்டியாரின் தமையனார் 1979இலே தலைமன்னாரிற் கப்பலேறியவர். எண்ணிக் கொடுக்கப்பட்ட இந்தியத் தாள்களைக் கண்டு, மீதி எங்கே என்று அவர் இருமுறை கேட்டாராம். வீதம் இவ்வளவு என்று விடை வந்ததாம். வீதம் என்ற சொல்லுக்கு அவர் அறிந்த பொருள் தெரு என்பதுபோன்ற ஏதோ ஒன்று எனப் பாட்டியார் சொல்லிச் சிரிப்பார். அச்சிரிப்பில் எனக்குப் பங்குகொள்ள இயலவில்லை.

2022 மார்ச்சில் ரூபா மீண்டும் சரிந்தது. டொலர் 203 ரூபாவாயிருந்தது இரண்டு மாதங்களுக்குள் 360 அளவை எட்டிற்று. அப்போது குவைத்தில் வீட்டுப் பணிபுரிந்த என் அத்தையார் சம்பளத்தை உடனே அனுப்பவில்லை. கைபேசியிலே வங்கி வீதத்தையும் உண்டியல்காரர் வீதத்தையும் நாள்தோறும் பார்த்துக்கொண்டிருந்து, மே மாதத்தில் அனுப்பினார். எட்டாம் வகுப்புடன் படிப்பை நிறுத்தியவர் அவர். எங்கள் குடும்பத்திலே தம் உழைப்பின் மாற்றுவீதத்தைத் தாமே பார்த்து, தாமே நாள் குறித்தவர் அவரே முதல்வர்.

பாட்டியாரின் தகரப்பெட்டியில் ஐந்து சதச் சதுரக் காசுகள் நான்கும், 1970களைச் சேர்ந்த சம்பளச் சீட்டு ஒன்றும் உள்ளன. காசுகளைப் பார்க்காமலே எடுத்து எண்ணுவார். சீட்டு ஆங்கிலத்திலுள்ளது, மடிப்புகளில் மை அழிந்துவிட்டது. இக்கட்டுரைக்காக அதனைக் கேட்டபோது, என்னிடம் தருவதற்கு முன்னர் அவர் ஒன்றைக் கேட்டார்: “அதுல அரிசிக்கும் மாவுக்கும் எவ்வளவு புடிச்சிருக்குன்னு மொதல்ல பாத்துச் சொல்லு, தம்பி.” நான் வாசித்துச் சொன்னேன். விரல்விட்டு ஏதோ எண்ணிப் பார்த்தார். பின்னர், “பேர் எத்தனை போட்டிருக்கு?” என்றார்.