மடங்கிய விரல்கள் நிமிர்ந்த கதை

தொழுநோயாளிகளின் விரல்கள் ஏன் மடங்கிப் போகின்றன? சதை அழுகுவதால் அல்ல, நரம்பு செயலிழப்பதால்தான்! கொல்லிமலையில் பிறந்த டாக்டர் பால் பிராண்ட், 1947-ல் செங்கல்பட்டு தொழுநோய் மருத்துவமனையில் ஒரு நோயாளியின் கையைப் பிடித்தபோது, அந்த மடங்கிய கையிலும் பலமான தசைகள் மிச்சமிருப்பதை உணர்ந்தார்.

1948-லிருந்து வேலூர் சி.எம்.சி.யில், வேலை செய்யும் தசையின் நாணை எடுத்து, செயலிழந்த விரல்களோடு இணைத்தார். விறைத்த விரல்களுக்கு மாவுக்கட்டுப் போட்டு, சிறிது சிறிதாக நிமிர்த்தினார்கள். பிறகு பயிற்சி.

ஆனால் நிமிர்ந்த விரலுக்கும் வலி தெரியாது. தச்சுப்பட்டறையில் உளியோ சுத்தியலோ அழுத்திக் கொப்புளம் வந்தாலும் உணராமல் வேலை செய்தார்கள். பிராண்ட் மருத்துவம் படிக்கும் முன் கட்டட வேலை கற்றவர். அதனால் ஒவ்வொரு காயத்துக்கும் காரணமான கைப்பிடியைத் தேடினார்.

விரலைத் திருத்தினால் மட்டும் போதாது. அது பிடிக்கும் கருவியையும் திருத்தினால்தான் பிழைப்பு திரும்பும்!